இன்ஜினை இறக்கியாச்சு: எந்த டேம்பர் புல்லி போடுவது?

கோத்தகிரிப் பக்கம் தேயிலைக் கொழுந்து ஏற்றும் ஜீப்புகள் பெரும்பாலும் வயதானவை. என்னுடையது 2523 சிசி, நாலு சிலிண்டர் டீசல். தோட்டத்திலிருந்து ஃபேக்டரிக்குக் கொழுந்து, மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே உரம், சிமெண்ட், அரிசி என்று இருபது வருஷத்தை நெருங்குகிற வண்டி. இந்த வருஷம் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. டிப் ஸ்டிக்கை உருவினால் அந்தக் குழாய் வழியாகப் புகை. மேட்டுப்பாளையம் கொண்டுபோய் இன்ஜினை இறக்கினேன். மெக்கானிக் அண்ணன் சாமான் பட்டியல் போட்டார்: லைனர், பிஸ்டன், ரிங், மெயின் பேரிங், கான்ராட் பேரிங், வால்வு, கேஸ்கெட் செட். பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க்கின் முன்முனையில் உட்கார்ந்து பெல்ட்டை ஓட்டும் டேம்பர் புல்லி அதில் இல்லை.

"புல்லி நல்லாத்தானுங்க தம்பி இருக்குது. கழுவிப் போட்டுக்கலாம்."

"இல்லீங்ணா, அதைத்தான் முதல்ல பாக்கணும்."

அப்படிச் சொல்ல எனக்குக் காரணம் இருந்தது. முதல் தடவை இன்ஜினை இறக்கி வேலை பார்த்தபோது புல்லியின் ரப்பர் பிதுங்கி, வெளிவளையம் தள்ளாடிக்கொண்டிருந்தது. அசல் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். கொழுந்து குவியும் மாசம், ஒரு வாரம் காத்திருக்க மனசு வரவில்லை. ஒரு லேத் பட்டறையில் அதே அளவுக்கு வார்ப்பிரும்பில் ஒரே கட்டியாகக் கடைந்து தந்தார்கள். அசல் விலையில் பாதிகூட இல்லை. பெல்ட் நேராக ஓடியது, ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றியது, பார்க்கவும் பளபளவென்று இருந்தது. ஒன்றரை வருஷம் கழித்து, இறக்கத்தில் செகண்ட் கியரில் வரும்போது முன்பக்கம் ஒரு டக் டக் சத்தம். பிரித்தால் கிராங்க் போல்ட் தளர்ந்திருந்தது. புல்லி கிராங்க்கில் நழுவாமல் பிடிக்கும் சின்ன இரும்புத் துண்டான கீ நசுங்கி, கிராங்க் முனையில் கீ உட்காரும் வெட்டு வாய் அகன்று கிடந்தது. கிராங்க்கைக் கோயம்புத்தூர் கொண்டுபோய் காந்தச் சோதனை போட்டதில், முதல் கான்ராட் ஜர்னலின் (கான்ராட் பேரிங் உட்காரும் உருண்டைப் பகுதி) ஓர வளைவில் மயிரிழை விரிசல். அந்த கிராங்க் இரும்புக் கடைக்குப் போனது. போல்ட்டைச் சரியாக முறுக்கவில்லை என்று பழி போட முடியாது. டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கியபோது நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்தப் புல்லியைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். இன்ஜின் வேலைக்கு வண்டியை விடப் போகிறவர்கள் எதைப் போடுவது, எதைப் போடக் கூடாது என்று முடிவெடுக்க உதவும் என்பதால் எழுதுகிறேன்.

புத்தகத்தில் இதன் பெயர் ஹார்மோனிக் பேலன்சர். அந்த 'பேலன்சர்' என்ற சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். வீலுக்கு ஈயக் கட்டி ஒட்டி பேலன்ஸ் பார்க்கிறோமே, அந்த வேலையை இது செய்வதில்லை. கிராங்க்கின் முறுக்கு அதிர்வை அடக்குவதுதான் இதன் வேலை. நம் பட்டறைகளில் சொல்லும் டேம்பர் புல்லி என்ற பெயர்தான் சரியானது.

கிராங்க் பார்க்கத் தடித்த எஃகு. ஆனால் ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் அது முறுக்கிக்கொள்கிறது. ஈரப் போர்வையை இரண்டு பேர் பிடித்துப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். பின்முனையைக் கனத்த ஃப்ளைவீல் பிடித்துக்கொண்டிருக்கிறது, முன்முனையைப் பிடிக்க ஆள் இல்லை. வெடிப்பின் தள்ளல் தீர்ந்ததும் எஃகு திரும்புகிறது, திரும்பிய வேகத்தில் கொஞ்சம் தாண்டியும் போகிறது. நாலு சிலிண்டரில் கிராங்க் ஒரு சுற்று சுற்ற இரண்டு வெடிப்பு. அப்படியானால் 1500 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 50, 3000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 100. ஒவ்வொன்றும் சுத்தியல் அடி மாதிரி விழுவதால், நொடிக்கு 100 அதிர்வோடு 200, 300, 400 என்று அதன் மடங்குகளும் கூடவே வருகின்றன. ஹார்மோனிக் என்பது இந்த மடங்குகளைத்தான். ஒவ்வொரு கிராங்க்குக்கும் தனக்கென்று ஒரு சொந்த அதிர்வு உண்டு. சிறிய நாலு சிலிண்டர் இன்ஜின்களில் அது நொடிக்குச் சில நூறு முறை. மடங்குகளில் ஏதாவது ஒன்று இந்தச் சொந்த அதிர்வோடு ஒத்துப்போகும் ஆர்.பி.எம்.மில், ஒவ்வொரு அடியும் முந்தைய அடியோடு சேர்ந்து முறுக்கு வளர்ந்துகொண்டே போகும். அப்போதும் அது ஒரு டிகிரி அளவில்தான் இருக்கும். ஸ்டியரிங்கில் தெரியாது, காதுக்கும் எட்டாது. ஆனால் எஃகு அதைக் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஜர்னல் ஓரத்து வளைவில் தொடங்கும் விரிசல் அந்தக் கணக்குத்தான்.

டேம்பர் புல்லியில் மூன்று பகுதி: கிராங்க் முனையில் உட்காரும் ஹப், அதைச் சுற்றி ரப்பர் பட்டை, ரப்பருக்கு வெளியே கனத்த வளையம். பெல்ட் ஓடும் காடி பெரும்பாலும் இந்த வளையத்தில்தான். கிராங்க் முன்னும் பின்னும் துடிக்கும்போது வளையம் தன் கனத்தால் ஒரே சீராகச் சுற்றப் பார்க்கிறது. இடையில் ரப்பர் இழுபட்டு, துடிப்பைச் சூடாக மாற்றிவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆறு சிலிண்டர் கார்களின் நீளமான கிராங்க்குகள் முறிந்துகொண்டிருந்த காலத்தில், இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் போன்றவர்கள் இதற்கு வழி கண்டார்கள். நூறு வருஷம் தாண்டியும் அடிப்படை மாறவில்லை.

ரப்பரும் வளையமும் ஏதோ ஒரு அளவில் இருந்தால் போதாது. ரப்பரின் விறைப்பும் வளையத்தின் கனமும் சேர்ந்து புல்லிக்கு ஒரு அதிர்வைத் தருகின்றன. அது அந்த கிராங்க்கின் அதிர்வுக்குத் தகுந்தபடி வைக்கப்பட்டது. ரப்பர் இறுகி விறைப்பு இரண்டு மடங்கானால் புல்லியின் அதிர்வு சுமார் 40 சதவீதம் மேலே போய்விடும். அப்புறம் புல்லி ஒரு பக்கம், கிராங்க் ஒரு பக்கம். ஆகவே, கிராங்க் முனையில் உட்காருகிறதா, பெல்ட் நேராக ஓடுகிறதா என்ற இரண்டு கேள்வியோடு நிறுத்தினால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். அந்த கிராங்க்குக்காகச் செய்ததா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

மலையில் ஓட்டுகிறவர்களுக்கு இது கூடுதல் விஷயம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான், ஆனால் உயரம் 1400 மீட்டருக்கும் மேல் ஏறுகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இன்ஜின் பாரத்தில்தான் இருக்கும். திரும்பும்போது கியரில் இறக்க வேண்டும், ஆர்.பி.எம். மேலேயே நிற்கும். சமவெளியில் நாற்பதில் ஓடும் வண்டி ஒரு ஆர்.பி.எம்.மைத் தொட்டுவிட்டுத் தாண்டிப் போகும். நாம் கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி அதே ஆர்.பி.எம்.மில் வந்து நிற்கிறோம், நாளுக்கு நாலு நடை. ரப்பருக்கும் இங்கே ஓய்வில்லை. ஏறி வந்ததும் பானட்டுக்குள் கொதிக்கும். மார்கழி, தை விடியலில், ஊட்டி தலைகுந்தா பக்கம் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போது, அதே ரப்பர் கல் மாதிரி இருக்கும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஐடிலிங்கில் வண்டி குலுங்குவதற்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. அது இன்ஜின் மவுண்ட், இன்ஜெக்டர், ஒரு சிலிண்டரின் கம்ப்ரஷன் குறைவு போன்றவை. குலுக்கலுக்காக டேம்பர் மாற்றினால் காசுதான் போகும்.

பழையதையே கழுவிப் போடலாமா?

போடலாம், தேறினால். அண்ணனும் நானும் என் பழைய புல்லியைப் பெஞ்சில் வைத்துப் பார்த்தோம். இது சொந்தப் புல்லி அல்ல. கிராங்க் போன பிறகு உக்கடத்துப் பழைய சாமான் கடையில் எடுத்த அசல் புல்லி. நான்கு வருஷம் ஓடியிருந்தது.

முதலில் ரப்பர். டீசலில் கழுவாமல், துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். முன்பக்கம் சன்னமான வெடிப்புகள். அது வயதின் அடையாளம், அதற்காக மட்டும் தூக்கி எறிய வேண்டியதில்லை. பின்பக்கம் திருப்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. முன் ஆயில் சீலில் கசிந்த ஆயில் பட்டுப் பட்டு ரப்பர் ஒரு பக்கம் உப்பி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. எதிர்ப்பக்கம் இறுகி நகம் இறங்கவே இல்லை. ஒரே வளையத்தில் இரண்டு விதமான ரப்பர்.

அடுத்தது டி.டி.சி. குறி, அதாவது முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலையைக் காட்டும் குறி. குறி வெளிவளையத்தில் இருக்கிறது; வளையம் ரப்பரோடு சறுக்கியிருந்தால் குறி பொய் சொல்லும். அந்தக் குறியை நம்பி டைமிங் பார்த்தால் எல்லாமே தப்பு. இதைச் சோதிக்க இன்ஜின் ஹெட் கழற்றிக் கிடக்கும் நேரத்தைவிட நல்ல நேரம் கிடையாது. முதல் பிஸ்டன் மேல் டயல் கேஜ் வைத்தோம். உச்சியில் பிஸ்டன் சில டிகிரிக்கு அசையாமல் நிற்கும் என்பதால் நேரடியாக உச்சியைப் பிடிக்க முடியாது. உச்சிக்கு முன்னால் 1 மில்லிமீட்டர் கீழே இருக்கும் இடத்தில் புல்லியில் ஒரு கோடு, உச்சி தாண்டி அதே 1 மில்லிமீட்டர் இறங்கிய இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடு உண்மையான டி.டி.சி. புல்லியின் குறி அதிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிங்க தம்பி, இது வேண்டாம்" என்றார்.

ஹப்பையும் பாருங்கள். ஆயில் சீல் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டினால் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால், புது சீல் போட்டாலும் கசியும். சன்னமான எஃகு உறை ஒன்றை ஹப் மேல் ஏற்றிச் சரிசெய்யலாம், அல்லது சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம். சீல் கசிவைக் கண்டுகொள்ளாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் ரப்பரைத் தின்னக் கொடுக்கிறார்கள். எனக்கு நடந்ததும் அதுவே.

பழைய சாமான் கடைப் புல்லி

என் அனுபவத்தில் இது கையில் காசில்லாத நேரத்துக்கு மட்டும். இரும்பு அசலாக இருக்கும், ஆனால் ரப்பருக்கு எத்தனை வயது, எவ்வளவு ஆயில் குடித்தது என்று யாருக்கும் தெரியாது. வாங்கத்தான் வேண்டும் என்றால் அதே இன்ஜினிலிருந்து கழற்றியதா என்று பாகத்தில் பொறித்த எண்ணை வைத்துப் பாருங்கள். வெளிவளையத்தைக் கொக்கி போட்டு இழுக்கும் மூன்று கால் புல்லரால் கழற்றியிருந்தால் ரப்பர் அப்போதே கிழிந்திருக்கும். கழற்றும்போது ஹப்பில் இருக்கும் மரை ஓட்டையில் போல்ட் மாட்டி இழுக்கும் புல்லர்தான் சரி.

லேத்தில் கடைந்த ஒரே கட்டிப் புல்லி

டீசல் இன்ஜினுக்கு இதைப் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. டீசலில் கம்ப்ரஷன் அதிகம், வெடிப்பின் அடியும் பெரிது. அதை வாங்கிக்கொள்ள நடுவில் ரப்பரும் இல்லை. கிராங்க்கின் முழுத் துடிப்பும் போல்ட், கீ, முன் டைமிங் கியர், பெல்ட் ஆகியவற்றின் தலையில் விழும். அலுமினியத்தில் கடைந்த எடை குறைந்த புல்லி போட்டால் இன்ஜின் சுறுசுறுப்பாகும் என்று சிலர் சொல்கிறார்கள். பெட்ரோல் இன்ஜின்களில், அதுவும் கம்பெனியே டேம்பர் இல்லாத வெறும் புல்லி வைத்த சிறிய இன்ஜின்களில், அது நடக்கலாம். கம்பெனி டேம்பர் வைத்த இடத்தில் வெறும் புல்லி வைக்காதீர்கள். உள்ளே ரப்பர் வைக்கக் கம்பெனிக்காரனுக்கும் செலவுதான். வேண்டாத இடத்தில் ஒரு ரூபாய்கூடப் போட மாட்டான்.

வெளிச் சந்தையில் கிடைக்கும் புதுப் புல்லி

இதுதான் கடினமான இடம். ஏனென்றால் இதில் நல்லதும் உண்டு. கம்பெனிகளுக்கே டேம்பர் செய்து கொடுக்கும் தயாரிப்பாளர்களின் சொந்தப் பெட்டியில் வருவது அசலுக்கு நிகர், விலை மட்டும் குறைவு. அதே அலமாரியில் பக்கத்திலேயே, அச்சு எடுத்து ஊற்றி, கிடைத்த ரப்பரைத் திணித்ததும் இருக்கும். இரண்டும் கறுப்புப் பெயின்டில் ஒரே மாதிரி பளபளக்கும்.

நான் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கொழுந்து நிறுக்கும் தராசில் பழையதையும் புதியதையும் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினேன். புதியது அரைக் கிலோவுக்கு மேல் குறைவு. ஹப் அளவு ஒன்று, காடி அளவு ஒன்று. குறைந்தது முழுக்க வெளிவளையத்தின் கனம். உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் வளையத்தின் பின்பகுதியைக் குடைந்து இரும்பு மிச்சம் பிடித்திருந்தார்கள். வளையம் தன் கனத்தால் சீராகச் சுற்றுவதுதான் இந்தப் பாகத்தின் வேலையே. அந்தக் கனத்தைக் குடைந்து எடுத்த பிறகு மிஞ்சுவது பெல்ட் ஓட்டும் சக்கரம். மறுநாளே திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் வாங்கிக்கொண்டார், அந்த மட்டில் நல்ல மனிதர்.

ஆகவே வெளிச் சந்தையில் வாங்குகிறவர்கள் பழைய புல்லியைக் கையோடு கொண்டுபோய் எடை போடச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். பிறகு கிராங்க் முனை அளவு தண்டில் மாட்டிக் கையால் சுற்றி, வளையம் ஆடாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். ரப்பர் ஹப்பின் முழுச் சுற்றிலும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும். டி.டி.சி. குறி பழையதில் இருந்த அதே இடத்தில், கீ வெட்டுக்கு அதே கோணத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இந்த நாலும் தேறினால் வாங்கலாம்.

ரப்பர் மட்டும் புதிதாக ஒட்டுவது

கோயம்புத்தூரில் ரப்பர் ரோலர், புஷ் போன்றவற்றுக்கு இரும்பில் ரப்பர் ஒட்டித் தருகிறவர்கள் டேம்பரையும் வாங்கிக்கொள்வார்கள். இரும்பு அசல், அதனால் வளையத்தின் கனம் மாறாது. இது பெரிய நன்மை. மாறுவது ரப்பரின் விறைப்பு. அதற்கு ஷோர் என்ற அளவு உண்டு. பழைய புல்லியில் இறுகிப்போன ரப்பரை அளந்து அதே எண்ணை வைத்தால் இறுகிய ரப்பரைத்தான் மறுபடி செய்வோம். புதிதாக இருந்தபோது என்ன அளவு என்று தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். ரப்பர் வகையும் முக்கியம். சாதாரண இயற்கை ரப்பரும் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரும் இன்ஜின் ஆயில் பட்டால் உப்பும். நைட்ரைல் ரப்பர் ஆயிலைத் தாங்கும், ஆனால் ஓசோனும் வெயிலும் பட்டால் சீக்கிரம் வெடிக்கும். "டயர் ரப்பர்தாங்க, கெட்டியா இருக்கும்" என்று ஒருவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

புதுப் பாகம் கிடைக்கிற என் ஜீப்புக்கு இது தேவைப்படவில்லை. ஆனால் எஸ்டேட் ஷெட்டுகளில் இன்னும் ஓடும் அறுபது, எழுபதுகளின் வண்டிகளுக்கு, பாகம் எங்குமே கிடைக்காத நிலையில், இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஊட்டியில் பழைய அமெரிக்க வி8 கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அந்த இன்ஜின்களில் சிலவற்றில் கிராங்க்கின் பேலன்ஸில் ஒரு பங்கு டேம்பரிலேயே எடையாக வைக்கப்பட்டிருக்கும். ஃபோர்டு 302 இன்ஜினில் அந்த எடை 28 அவுன்ஸ்-அங்குலமாக இருந்தது, 1980-களின் தொடக்கத்தில் 50 ஆனது. முனையில் இரண்டுமே உட்காரும். மாற்றிப் போட்டால் ஐடிலிங்கிலேயே உதறல் கிளம்பி பேரிங்கைத் தின்றுவிடும். நம் நாலு சிலிண்டர் டீசலில் பொதுவாக அந்தச் சிக்கல் இல்லை.

சிலிக்கான் நிரப்பிய டேம்பர்

பஸ், லாரிகளின் ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் முன்னால் மூடிய டப்பா மாதிரி ஒன்று சுற்றும். உள்ளே கனத்த வளையம் ஒன்று கெட்டியான சிலிக்கான் திரவத்தில் மிதக்கிறது. ரப்பர் டேம்பர் ஒரு குறிப்பிட்ட அதிர்வில்தான் நன்றாக வேலை செய்யும். இதுவோ அகன்ற ஆர்.பி.எம். வீச்சில் வேலை செய்யும். ஆறு சிலிண்டரின் நீண்ட கிராங்க்குக்கு அது தேவை. ஜீப்புக்கு இதைத் தேடி அலைய வேண்டியதில்லை. எடையும் விலையும் அதிகம், நம் இன்ஜினுக்கென்று அளந்து செய்ததும் கிடைக்காது. பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். டப்பாவில் ஒரு நசுங்கல் விழுந்திருந்தாலும் உள்வளையம் உரசி நின்றுவிடும். தட்டி நிமிர்த்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். திரவமும் வருஷக்கணக்கில் சூடேறி இறுகிவிடும் என்பதால், ஓவர்ஹால் செய்யும்போதே அதையும் மாற்றுவது வழக்கம்.

அசல் புதுப் புல்லி

நான் கடைசியில் போட்டது இதுதான். விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் லைனர், பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், கூலி எல்லாம் சேர்ந்த பில்லில் அது சின்ன வரி. அந்த வரியில் மிச்சம் பிடித்து ஒரு கிராங்க்கைத் தொலைத்தவன் நான்.

அசலே எப்போதும் சரி என்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். இன்ஜின் வேலையில் என்ன மாற்றினோம் என்பதைப் பொறுத்தது. ஜர்னலை 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் கிரைண்ட் செய்தது, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டது எல்லாம் கிராங்க்கின் அதிர்வைப் பெரிதாக மாற்றாது. அங்கே அசல் புல்லியே பொருந்தும். ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைத்தாலோ, இன்ஜின் வேகத்துக்கு வரம்பு கட்டும் கவர்னரை முறுக்கி ஆர்.பி.எம். உச்சியை உயர்த்தினாலோ, டர்போ இல்லாத இன்ஜினுக்கு டர்போ பூட்டினாலோ நிலைமை வேறு.

எங்கள் பக்கத்துத் தோட்டத்து மாமா கேரட் ஏற்றும் பிக்கப் வைத்திருக்கிறார். என் வேலையைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்.

"மாப்ள, நானும் இஞ்சின் இறக்கப் போறேன். கையோட டர்போ போட்டுடலாம்னு இருக்கேன். மேட்டுல மூச்சு வாங்குது."

"போடுங்க மாமா. ஆனா பழைய புல்லியோட போடாதீங்க. அதே இஞ்சின்ல கம்பெனியே டர்போ வச்சு விட்ட மாடல் இருக்குல்ல, அதோட டேம்பர் நம்பரைக் கேட்டு வாங்குங்க. கிராங்க்கும் அதேதானான்னு பாத்துக்குங்க."

"அது விலை கூட சொல்றாங்களே?"

"டர்போவுக்கே அவ்வளவு குடுக்குறீங்க மாமா. அதோட அடியைத் தாங்குறது இதுதானே."

உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் டர்போ ஆசை நியாயமானது. ஆனால் டர்போ வந்ததும் ஒவ்வொரு வெடிப்பின் அடியும் கூடுகிறது. கிராங்க்கின் சொந்த அதிர்வு அப்படியே இருந்தாலும் அதை எழுப்பும் கை பலமாகிவிடுகிறது. புது காமன் ரெயில் வண்டிகளில் டேம்பரோடு கூட, ஆல்டர்னேட்டர் பெல்ட்டைத் துடிப்பிலிருந்து பிரிக்க இன்னொரு ரப்பரும் ஒரே புல்லிக்குள் இருக்கும். அதற்குப் பதிலாக எதையும் யோசிக்கவே வேண்டாம், அசல்தான்.

பூட்டும்போது நடக்கும் தப்புகள் நல்ல புல்லியையும் கெடுக்கும். கிராங்க் முனையைத் துடைத்து, கீயின் ஓரங்களைப் பார்த்து, சீலின் உதட்டில் ஆயில் தடவி, கையால் நேராக ஏற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஹப்பை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து ஏற்றலாம். கேஸ் வெல்டிங் தீயைக் காட்டினால் ரப்பர் அங்கேயே செத்துவிடும். சுத்தியலால் ஒரு தட்டுகூடக் கூடாது. புல்லிக்கும் கேடு, கிராங்க்கின் முன் பின் ஆட்டத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்குக்கும் கேடு. போல்ட் முறுக்கும்போது இன்ஜின் சுற்றாமல் இருக்கப் புல்லியின் ஓட்டையில் கடப்பாரை செருகுவதைப் பல பட்டறையில் பார்த்திருக்கிறேன். பூட்டுவதற்கு முன்னாலேயே ரப்பரைக் கிழிப்பதற்குச் சமம் அது. ஃப்ளைவீல் பல்லில் பிடித்து நிறுத்த வேண்டும். டார்க் அளவு மேனுவலில் என்ன சொல்கிறதோ அது. சில புது இன்ஜின்களில் கிராங்க் போல்ட் ஒரு முறை நீண்டு இறுகும் வகை. அவற்றில் பழைய போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது.

பூட்டி முடித்ததும் டயல் கேஜ் காட்டிய உண்மை டி.டி.சி.யோடு புதுப் புல்லியின் குறியை ஒப்பிட்டோம். மயிரிழை பிசகில்லை. அண்ணன் ஒரு சின்ன பிரஷ் எடுத்து, ஹப்பிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளிவளையம் வரை ஒரே நேர்க்கோடாக வெள்ளைப் பெயின்ட் இழுத்தார். வளையம் சறுக்கினால் அந்தக் கோடு ரப்பர் இருக்கும் இடத்தில் உடைந்து இரண்டாகத் தெரியும். செலவில்லாத சோதனை, எந்த டேம்பருக்கும் செய்யலாம்.

முதல் நடையிலேயே உர மூட்டைகள். குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டி வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்திவிட்டு பானட்டைத் தூக்கினேன். டார்ச் வெளிச்சத்தில் வளையத்தில் கை வைத்தால் சூடு. கோடு ஒரே கோடாக இருந்தது. ஆயிரம் கிலோமீட்டரில் ஆயில் மாற்றும்போது மறுபடி பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. சீலுக்குக் கீழே துணியை வைத்துத் துடைத்துப் பார்த்தேன். துணி காய்ந்திருந்தது.